வயிற்று மோட்டாரின் சாட்சி

திருமூர்த்தியின் வயிற்றுக்குள் இருந்த மோட்டார் அவரை முதன்முதலாகக் காட்டிக்கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில். சாந்தாமணி அப்போது சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை இரண்டு தரம் அதிர்ந்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

‘மதிப்பிற்குரிய சாட்சிக்கு வணக்கம். தங்கள் பொறுப்பில் உள்ளவரின் வயிற்று நீரில் மது கண்டறியப்பட்டுள்ளது. இது முதல் எச்சரிக்கை. இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.’

அந்தக் கடைசி வரியை எழுதிய புண்ணியவானுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்தில் திருமூர்த்தி சாய்வு நாற்காலியில் மல்லாந்து, மோட்டாருக்கு சார்ஜ் ஏற்றும் வட்டத் தகட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, டிவியில் வந்த அமைச்சரைத் திட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அவருக்கு இதுதான் வேலை. மோட்டாருக்கு மின்சாரம் ஏறும், அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

“ஏனுங்க, எப்பக் குடிச்சீங்க?”

“என்னது?”

“எப்பக் குடிச்சீங்கன்னு கேக்கறன்.”

“குடிக்கலியே.”

அவ்வளவுதான் சொன்னார். சாந்தாமணி இன்னும் ஏதாவது வரும் என்று நின்றாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. ஏனென்றால் திருமூர்த்தி பொய் சொல்லும்போது அது ஒற்றை வார்த்தையில் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஒண்டிப்புதூரில் பம்ப்செட் கடை வைத்திருந்த காலத்தில் அவர் ராத்திரி தாமதமாக வந்து நின்று சொல்லும் பொய்களில் ஒரு தாலுகாவே இருக்கும். “சோமனூருல ஒருத்தருக்குப் போர்ல மோட்டாரு மாட்டிக்கிச்சு அம்மிணி. செயின் பிளாக் போட்டுத் தூக்கறோம், பைப்பு பாதியில அந்துபோச்சு. அவுங்க மாமியாரு பாவம், சோளக்களி கிண்டிப் போட்டாங்க. கீரைக் கடைசல் பரவால்ல, உப்புதான் சித்தெ தூக்கல்…” என்று கீரைக்கு உப்பு பார்ப்பது வரைக்கும் போகும். விவரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சாந்தாமணி கணக்கு வைத்திருந்தாள். உண்மை பேசும்போது மனிதருக்கு ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இப்போது வெறும் ‘குடிக்கலியே’. வயசான காலத்தில் புது வித்தை கற்றுக்கொண்டாராக்கும் என்று நினைத்தாள்.

மோட்டார் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கடையைக் குடித்தார், தோட்டத்தில் பாதியைக் குடித்தார், கடைசியில் ஈரலைக் குடித்தார். ஈரல் சுருங்கியதும் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. முதலில் மாத்திரைக்கு வடிந்தது. பிறகு மாத்திரைக்கு அசைய மறுத்தது. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி குத்தி எடுத்தார்கள். எடுத்த அன்றைக்கு இடுப்பில் வேட்டி நிற்காது. அடுத்த சில நாளில் நிறைமாதக்காரியைப் போல முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அந்தக் கட்டத்தில்தான் அவர் குடியை நிறுத்தினார். நிறுத்தினார் என்று அவர் சொன்னார். ஈரல் மருத்துவர் பெனிட்டாதான் அந்த யோசனையைச் சொன்னவர்.

“இனிமே மாத்திரையைக் கூட்டினா கிட்னி கோவிச்சுக்கும். ஊசியில எடுக்க எடுக்க உடம்புச் சத்தும் சேர்ந்து போகுது. அதனால வயித்துக்குள்ள சின்னதா ஒரு பம்ப் வெச்சிடலாம். சேர்ற நீரைக் கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சி மூத்திரப்பையில விட்டுடும். நீங்க பாட்டுக்கு பாத்ரூம் போயிக்கலாம்.”

ஆயுளெல்லாம் பம்ப் விற்ற மனிதரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. திருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை எச்பிங்க டாக்டர்?”

“தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. எச்பி எல்லாம் இல்லை.”

“ஃபுட்வால்வு உண்டுங்களா? இல்லாட்டி ஏர் புடிச்சுக்குமுங்க. அப்பறம் தண்ணி ஊத்தித்தான் எடுக்கோணும். எங்க ஊத்துவீங்க?”

பெனிட்டா சாந்தாமணியைப் பார்த்தார். இந்த ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளினீர்கள் என்ற பார்வை அது. பிறகு அவளிடம் திரும்பி, சொல்லப் பிடிக்காததைச் சொல்கிறவர்போல் சொன்னார்.

“பம்ப் இலவசமாக் கிடைக்கும்மா. ஆனா நீர்க்காவல் திட்டத்துல பதிவு பண்ணணும். பம்ப் கொஞ்சம்தான் இருக்கு, வயிறு நிறைய இருக்கு. அதனால குடிக்காதவங்களுக்கு மட்டும்னு வெச்சிருக்காங்க. பம்ப் உறிஞ்சுற நீரை ருசி பார்க்கும். மது இருந்தா வீட்டுல ஒருத்தருக்குச் சேதி வரும். அவங்கதான் சாட்சி.”

“எத்தன தடவ விடுவாங்க?”

“மூணு. மூணாவதுல விசாரணை. அதுல குடிச்சது உறுதியாச்சுன்னா பம்ப் நின்னுடும். எடுத்து வேற ஆளுக்கு வெச்சிடுவாங்க.”

“அப்பறம் இவரு?”

பெனிட்டா கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டார். “பழையபடி ஊசிதான். அது இவர் உடம்புக்கு ரொம்ப நாள் தாங்காதும்மா. பம்ப் வைக்கிறது என் வேலை. அதைப் போலீஸ்காரன் ஆக்கினது நான் இல்லை.”

சாந்தாமணி சாட்சியாகக் கைரேகை வைத்தாள். ஊரில் எத்தனையோ பெண்கள் சம்பளமில்லாமல் பார்க்கும் அந்த வேலைக்கு இப்போது அரசாங்கம் ஒரு பட்டையும் கொடுத்தது என்பதைத் தவிர அவளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

அதே வாரத்தில் பக்கத்துக் கட்டிலில் மருதாசலம் என்பவருக்கும் மோட்டார் வைத்தார்கள். அன்னூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். சாதுவான மனிதர். மழைக்காலத்தில் அவருடைய மோட்டார் மூன்று தரம் காட்டிக்கொடுத்து நின்றுபோனது. பொங்கலுக்கு அவர் இல்லை. கடைசிவரை குடிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். குடிகாரன் சொல்லை யார் நம்புவார்கள்? அவர் மனைவியே நம்பவில்லை.

துக்கம் கேட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான் சாந்தாமணி பழனிக்கு வேண்டிக்கொண்டாள். முட்டியில் தேய்மானம், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் எச்சரித்திருந்தார். தைப்பூசத்துக்குக் காவடிக் குழுவோடு வெறுங்காலோடுதான் நடந்தாள். தானோட்டிப் பஸ்கள் அவள் பின்னால் வந்து மெதுவாகி, ‘உதவி தேவையா?’ என்று கேட்டன. “போங்க சாமி, வேண்டுதலு” என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அனுப்பினாள்.

அவர்கள் குழு வருடாவருடம் தாங்களே பஞ்சாமிர்தம் பிசைந்து வீட்டுக்கு வீடு பங்கு போடுவார்கள். மலை வாழைப்பழம்தான் அதற்கு உயிர். நீர்ப்பசை குறைந்த பழம், மாதக்கணக்கில் கெடாது. அந்த வருடம் மலையில் வாழைக்கு நோய் விழுந்து ஒரு தாருக்கும் வழியில்லை. பல்கலைக்கழகத்தில் உண்டாக்கிய புது ரகம் ஒன்றை லாரியில் இறக்கினார்கள். பளபளவென்று, கையில் பிடித்தால் தளும்புகிற பழம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெல்லமும் தேனும் நெய்யும் பேரீச்சையும் போட்டுப் பிசைந்தார்கள். சாந்தாமணி தன் பங்கைத் தூக்குப்போசி நிறைய வாங்கி, இறுக்கி மூடி, வீட்டில் சாமி அலமாரியில் வைத்தாள். குளித்துவிட்டு வந்ததும் அவருக்கு ஒரு கரண்டி, தனக்கு ஒரு கரண்டி. உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு என்று நாக்கு செத்துப்போயிருந்த திருமூர்த்திக்கு அந்த ஒரு கரண்டிதான் நாளின் ருசி.

முதல் எச்சரிக்கை வந்ததற்கு மறுநாள் அவர் கரண்டியை நக்கிவிட்டுச் சொன்னார்:

“சாந்தா, பஞ்சாமிர்தம் புளிச்சுப்போனாட்ட இருக்குதே?”

“குடிச்சுக் கெட்ட நாக்குக்குச் சாமி பிரசாதமும் சாராயமாத்தான் தெரியும். பேசாம வாயத் தொறங்க.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் வாயைத் திறந்தார். அவளும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். நுனிநாக்கில் லேசாகச் சுருக்கென்றது. பச்சைக் கற்பூரம் கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைத்தாள்.

இருந்தாலும் இதை இப்படியே விட அவளுக்கு மனமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரைச் சாமி அலமாரிக்கு முன்னால் நிறுத்தி, தூக்குப்போசியின் மேல் கை வைக்கச் சொன்னாள். “இனி ஒரு சொட்டுத் தொடமாட்டேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணுங்க.” பண்ணினார். சத்தியம் கெட்டிப்பட வேண்டுமே என்று அன்றைக்கு மட்டும் அவருக்கு மூன்று கரண்டி கொடுத்தாள். அவர் ஒருகணம் கரண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

மத்தியானத்துக்குள் பட்டை அதிர்ந்தது. ‘இது இரண்டாவது எச்சரிக்கை. இந்த நாள் தங்களுக்கு…’ அவள் மீதியைப் படிக்கவில்லை.

சாமி மேல் சத்தியம் பண்ணிய வாய் காய்வதற்குள் குடித்திருக்கிறாரே என்று தலைமுடியை அள்ளி முடிந்தாள். அன்று அவள் வீட்டைப் புரட்டிப் போட்டாள். கழிப்பறைத் தொட்டிக்குள் கைவிட்டாள். பழைய மோட்டார் டப்பாக்களைத் திறந்தாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வாழைக்கு அடியில் கிளறினாள். ஸ்கூட்டர் இருக்கையைத் தூக்கினாள். அந்த இடங்கள் எல்லாமே ஒரு காலத்தில் பாட்டில் இருந்த இடங்கள்தான். இப்போது எதிலும் ஒன்றுமில்லை. ஒன்றும் கிடைக்காததால் அவள் சந்தேகம் குறையவில்லை. இன்னும் நல்ல இடம் கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள்.

“எங்கீங்க வெச்சிருக்கறீங்க?”

“இல்லியே.”

“யாரு வாங்கிக் குடுக்கறாங்க?”

“யாருமில்ல.”

“மருதாசலம் ஊட்டுக்குப் போயிட்டு வந்தமே, அதக் கண்ணால பாத்துமா?”

திருமூர்த்தி எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் காலைப் பார்த்தார். நடந்த புண் இன்னும் ஆறாமல் குதிகாலில் துணி சுற்றியிருந்தது. “விடு சாந்தா” என்றார். அதன்பின் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கரண்டி மட்டும் தவறாமல் காலையில் நீளும், அவர் வாய் தவறாமல் திறக்கும்.

மூன்றாவது எச்சரிக்கையோடு விசாரணைத் தேதியும் வந்தது. அதுவரை மோட்டார் நிறுத்தி வைக்கப்படுவதாகவும் சேதி இருந்தது. அன்று காலையில் சார்ஜ் தகட்டைத் தேடி எடுக்கப் போன திருமூர்த்தி, பாதி வழியில் நினைவு வந்து, நாற்காலியில் வந்து சும்மா உட்கார்ந்தார். அடுத்த நாள் வேட்டியைச் சற்றுத் தளர்த்திக் கட்டினார். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். விசாரணை வருவதற்குள், மூச்சு வாங்குகிறது என்று தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு படுக்கத் தொடங்கிவிட்டார். சாந்தாமணிக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. வெறும் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது. குடித்தாலும் தொலையட்டும், இந்த மனுசன் இருந்தால் போதும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே ஆத்திரப்பட்டாள்.

விசாரணை நாளன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முடிவு நல்லதாக வரும்வரை விரதம். தூக்குப்போசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் படியில் தலை கிறுகிறுத்தபோது அதைத் திறந்து, அடியில் மிச்சமிருந்ததில் இரண்டு கரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். பிரசாதம் விரதத்தில் சேராது. அவருக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கிற நிலையில் அவள் மனசு இல்லை.

அறையில் டாக்டர் பெனிட்டாவும் நீர்க்காவல் அலுவலர் ஜெயசீலனும் இருந்தார்கள். ஜெயசீலன் சின்ன வயசு, தலைமுடியைப் படிய வாரி, பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாந்தாமணியின் பட்டைக்கு வந்த சேதிகளில் எல்லாம் ‘இனிய நாள்’ போட்டவர் இவராகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பார்த்தவுடனே தோன்றியது.

“ஐயா, உங்க வயித்துல மது மூணு தடவை வந்திருக்கு. வேற எதுவும் காரணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வீட்டுல இருக்கறவங்க கொடுத்திருந்தாலும் சொல்லலாம். அப்படி இருந்தா பொறுப்பு அவங்க பேர்ல பதிவாகும்.”

திருமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சாந்தாமணியின் பக்கம் பார்க்கவில்லை.

“வேற காரணம் ஒண்ணுமில்லீங் தம்பி. நாந்தான் குடிச்சேன். என்ற பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது.”

சாந்தாமணிக்குக் கண் நிறைந்தது. சொல்லிவிட்டாரே என்று ஒரு பக்கம் நிம்மதி, எல்லாம் முடிந்ததே என்று மறுபக்கம் துக்கம்.

“எங்க, யார்கூடன்னு சொல்ல முடியுமா?”

“அதுக்கென்னுங்? இருகூர் பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டுனா ஒரு வேப்ப மரம் இருக்குதுங். என்ற சிநேகிதன் ராயப்பன்தான் ஸ்கூட்டர்ல வந்து கூட்டிட்டுப் போனான். ஆளுக்குப் பாதி. தொட்டுக்க ஆம்லெட்டுங். உப்புப் போடாதீங்கன்னு சொல்லியும் கேக்கல அந்தக் கடைக்காரன், வெங்காயம் வேற பச்சையாக் கெடந்துச்சு. மழை தூத்தல் போட்டுச்சுன்னு அங்கத்தப் பெட்டிக்கடைக்குள்ள ஒதுங்குனமுங், அந்தக்கா என்ன சொல்லுச்சுன்னா…”

சாந்தாமணி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

வேப்ப மரம் வந்தது. ஆம்லெட் வந்தது. வெங்காயம் வந்தது. இப்போது பெட்டிக்கடைக்காரி என்ன சொன்னாள் என்பது வரைக்கும் வந்து நிற்கிறது. இந்த மாதிரி ஒரு முழுத் தாலுகாவை அவள் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! ராயப்பன் கண் அறுவை செய்துகொண்டு ஆடியிலிருந்து ஓசூரில் மகள் வீட்டில் கிடக்கிறார், அவர் ஸ்கூட்டர் ஓட்டவே கூடாது என்பதெல்லாம் பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சார், அவரு பொய் சொல்றாருங்க,” என்றாள்.

ஜெயசீலன் தொண்டையைச் செருமினார். “அம்மா, அவர் குடிச்சதாத்தான் சொல்றார்.”

“அதைத்தான் பொய்ங்கறன். அவரு குடிக்கலீங்க.”

“சாந்தா, நீ சும்மா இரு,” என்றார் திருமூர்த்தி. குரலில் பதற்றம் இருந்தது.

“நீங்க சும்மா இருங்க. டாக்டர், இந்த மனுசன் ‘குடிக்கல’ன்னு பொய் சொன்னப்பெல்லாம் எப்பிடிக் கதை விட்டாரோ, அதே மாதிரிதானுங்க இப்ப ‘குடிச்சேன்’னு விடறாரு. ஊட்டுல கேட்டப்ப ஒத்த வார்த்தைதான் வந்துச்சு. எனக்குத்தான் அப்பப் புத்தியில்ல. நான் சாட்சி சொல்றனுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்?”

பெனிட்டா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயசீலன் சங்கடத்துடன் மேசை டிராயரிலிருந்து ஒரு குழாய் வைத்த கருவியை எடுத்தார்.

“சாட்சி சொல்றதுன்னா இதுல ஒரு தடவை ஊதணும்மா. விதி. முன்னாடி சில சாட்சிகளே போதையில வந்து சத்தியம் பண்ணிட்டாங்க. உங்களுக்குச் சும்மா பேருக்குத்தான்.”

சாந்தாமணி சிரித்தேவிட்டாள். வாழ்நாளில் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறவள் அவள். குழாயை வாங்கி, கல்யாண வீட்டு அடுப்பை ஊதுகிற மாதிரி ஊதினாள்.

கருவி சிவப்பானது. பிறகு, அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி, மரியாதையான பெண் குரலில் பேசியது. ‘மதிப்பிற்குரிய சாட்சி மது அருந்திய நிலையில் உள்ளார். வாக்குமூலம் ஏற்கப்படாது. இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.’

முதலில் சிரித்தது திருமூர்த்திதான். வயிற்றில் நீர் கட்டியிருந்ததால் சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சாந்தாமணிக்கு முகம் செக்கச்சிவந்தது. அவள் வாழ்க்கையிலேயே அவளைக் குடித்தவள் என்று சொன்ன முதல் ஆள் அந்தக் கருவிதான்.

“அம்மா,” என்றார் பெனிட்டா, உதட்டைக் கடித்துக்கொண்டு. “காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?”

“விரதமுங்க டாக்டர். தண்ணிகூடக் குடிக்கல. பழனிப் பிரசாதம் மட்டும்தான், வாசல்ல ரெண்டு கரண்டி…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். நுனிநாக்கில் இன்னும் அந்தச் சுருக்கென்ற ருசி இருந்தது. அவளே கைப்பையைத் திறந்து தூக்குப்போசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெனிட்டா மூடியைத் திறந்து மோந்தார். ஒரு காகிதப் பட்டையை உள்ளே விட்டு எடுத்தார். அது நிறம் மாறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

“புது வாழைப்பழமா?”

“ஆமாங்க. மலைப்பழம் இந்தத் தடவ கெடைக்கல.”

“நீர் ஜாஸ்தி. வெல்லமும் தேனும் சேர்ந்து மூடி வெச்சதும் உள்ளேயே நொதிச்சிருக்கு. கள்ளு மாதிரிதான் ஆயிருக்கு.” அவர் ஜெயசீலனைப் பார்த்தார். “உங்க மெஷினுக்கு மது தெரியுது. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாது.”

ஜெயசீலன் செருமக்கூட மறந்துவிட்டார். பெனிட்டாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. தூக்குப்போசியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“மருதாசலம்னு ஒருத்தர் இருந்தாரே. அவர் சம்சாரம் பலத்துக்குன்னு அவருக்கு ஏதோ அரிஷ்டம் கொடுத்துட்டிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? எங்கிட்டக்கூட ஒரு தடவை பாட்டிலைக் காட்டினாங்க. அப்ப நான் பம்பை மட்டும் பார்த்துட்டிருந்தேன். அரிஷ்டம்னாலே அப்படித்தான், ஊறவெச்சு நொதிக்க வைக்கிறது.”

சாந்தாமணிக்கு மருதாசலத்தின் மனைவி நினைவுக்கு வந்தாள். துக்கத்துக்குப் போனபோது, “கடேசி வரைக்கும் எங்கிட்ட உண்மையச் சொல்லலயே இவுரு” என்று இவள் தோளில் சாய்ந்து அழுதவள். சாந்தாமணி எழுந்து போய்த் திருமூர்த்தியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர் தோளில் கை வைக்கத் தோன்றியது, வைத்தாள். வெளியாட்களுக்கு முன்னால் அவள் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

ஜெயசீலன் மோட்டாரை அங்கேயே ஓடவிட்டார். பழைய பதிவுகளையெல்லாம் திரும்பப் பார்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். அவர் எழுதாவிட்டால் தான் எழுதுவதாகப் பெனிட்டா சொன்னார். கிளம்பும்போது ஜெயசீலன் மென்று விழுங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

“ஒரு சின்னச் சிக்கல் இருக்கும்மா. கருவி உங்களைச் சிவப்புன்னு பதிஞ்சிடுச்சு. அதை அழிக்க எனக்கு அதிகாரமில்ல. அடுத்த ஆய்வு வரைக்கும் உங்களுக்கும் ஒரு சாட்சி வேணும். வீட்டுல வயசு வந்தவங்க யாராவது இருக்காங்களா?”

சாந்தாமணியும் பெனிட்டாவும் ஒரே சமயத்தில் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் அதற்குள் வலது கையை நீட்டிவிட்டிருந்தார், பட்டையைக் கட்டிக்கொள்ள.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. வயிற்றுக்குள் மோட்டார் மெல்ல உறுமுவது அவர் கையைத் தொட்டுக்கொண்டிருந்த அவளுக்கும் கேட்டது.

“எப்பத் தெரிஞ்சுதுங்க?”

“ரெண்டாவது தடவ. நீ மூணு கரண்டி போட்டயல்ல, அன்னிக்கு.”

“தெரிஞ்சும் எதுக்கு வாயத் தொறந்தீங்க? வேண்டாம்னு சொல்றதுதானே?”

“சொன்னா, குடிச்சவன் பிரசாதத்துக்குப் பயப்படறான்னு சொல்லுவே.” அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வார்த்தை தடுமாறியது. “அதுவுமில்லாம… அது… கொஞ்சம் நல்லாவும் இருந்துச்சு.”

அவள் அவர் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பஸ் ‘ஏதேனும் பிரச்சினையா?’ என்று கேட்டது. “ஒண்ணுமில்லைங்க சாமி, குடும்பம்,” என்றார் திருமூர்த்தி.

“இன்னிக்கு எதுக்குங்க அப்பிடிச் சொன்னீங்க? மோட்டாரு போயிருக்குமே. உசுரு போயிருக்குமே.”

அவர் அவள் குதிகாலைப் பார்த்தார். “நீ… அந்தக் காலோட நடந்து போய்க் கொண்டாந்தே. எனக்குன்னு. அதுதான் என்ற மோட்டார நிறுத்திப்போட்டுதுன்னு உங்கிட்ட எப்பிடிச் சொல்றது? நான் குடிச்சேன்னா அது உனக்குப் பழகுன வருத்தம். இது புதுசா இருக்கும்.”

சாந்தாமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து இந்த ஆள்மேல் இப்படி ஒரு பாசம் வருகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திருமூர்த்தியின் புதுப் பட்டை அதிர்ந்தது. அவர் அதைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, வாய்விட்டு, கம்பீரமாகப் படித்தார்: “‘மதிப்பிற்குரிய சாட்சிக்கு வணக்கம். தங்கள் பொறுப்பில் உள்ள சாந்தாமணி இன்று மாலை மது அருந்தினாரா?’ ம். அம்மிணி, இப்பிடி வந்து நில்லு. ஊது பாக்கலாம்.”

“போங்க அங்கிட்டு.”

“சாட்சிக்கு மரியாதை குடு. ஊதுங்கறன்.”

அவள் சிரித்துக்கொண்டே வாசல்படியில் நின்று ஊதினாள். அவர் குனிந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து மோந்தார். அப்படியே நின்றுவிட்டார். அதே வாசல், அதே படி. அவர் படியில் தள்ளாடி நின்ற அத்தனை இரவுகளிலும் இவள்தான் இப்படிக் குனிந்து வந்து நின்றிருக்கிறாள். அவர் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது.

“தெனமும் இப்பிடித்தான் நின்னயா?”

“பின்ன?”

“மோந்து பாக்கறப்ப என்ன நெனப்பே?”

“இன்னிக்காச்சும் இருக்கக் கூடாது சாமின்னு.”

திருமூர்த்தி தலையைக் குனிந்து பட்டையைப் பார்த்தார். அது பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

“இல்லீங்க,” என்றார் அதனிடம்.

சாந்தாமணி சற்று நேரம் நின்று பார்த்தாள். அந்த ஒற்றை வார்த்தைக்குமேல் கதை எதுவும் வரவில்லை.